உன் பேரைச் சொல்லிவிட்டோம்

பீடோர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பாவுக்கு இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இது போனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை அம்மா. வாட்சப்பில் எழுதினால் யார் கண்ணில் படுமோ என்று உன் அம்மா பயப்படுகிறாள், எனக்கும் அதே பயம்தான். தாப்பா ஊர் மாமா மகன் ரூபன் படிக்க அந்தப் பக்கம் வருகிறான், அவன் பையில் மாங்காய் ஊறுகாயோடு இதையும் வைத்துக் கொடுக்கிறேன்.

நம் பக்கத்து வீட்டு ரொஹிங்கியா குடும்பத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். போன முறை நீ வந்தபோது அவர்களுடைய சின்னப் பெண் உன் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லையே, அவள்தான். அவள் அப்பன் புல் வெட்டுகிற வேலை, அம்மா காய்கறித் தோட்டத்தில் கீரை கட்டப் போவாள். அவள் போனதும் பிள்ளை நம் வீட்டில்தான் கிடக்கும், சோறு, தண்ணி, தாத்தா எல்லாம் தமிழில் சொல்லும். அவர்கள் யார் பேரையும் இங்கே எழுதவில்லை, காரணம் படித்தால் உனக்கே தெரியும்.

போன மாதம் ஒரு நாள் விடியும்போது நம் தாமான் குடியிருப்பு முனையில் லாரி வந்து நின்றது. நான் வாசலில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். இமிகிரேசன்காரர்கள் இறங்கி வரிசையாக வீடுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் நம் பின்கதவில் சத்தம். அம்மா திறந்தால் பிள்ளையைப் பெற்ற அந்தப் பெண் நிற்கிறாள். பிள்ளையை அம்மா கையில் வைத்து, அக்கா, தோலோங் அக்கா, உதவி பண்ணு, பார்த்துக்கோ என்று மட்டும் சொன்னாளாம். நீயும் உள்ளே வா என்று அம்மா கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவள் வரவில்லை. வீட்டில யாரும் இல்லன்னா உங்க வீட்டுல வந்து தேடுவாங்க அக்கா என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கே திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புருஷன் முதல் நாளே தாப்பா பக்கம் வேலைக்குப் போயிருந்தான், அதனால் அவன் தப்பினான். அவளிடம் யு.என். கொடுத்த அகதி கார்டு இருந்தது, தேதி முடிந்துபோனது, புதுசுக்குக் கூப்பிடுவார்கள் என்று எத்தனையோ மாதமாகக் காத்திருந்தாள். அதைக் காட்டியிருக்கிறாள். அவர்கள் கேட்கவில்லை.

அப்புறம் நம் வாசலுக்கு வந்தார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து குடியுரிமைக்காரனின் நீல ஐசி வைத்திருக்கிறவன் நான், இருந்தும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே அதை எடுத்து நீட்டினேன். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் நின்றாள். அதிகாரி என் ஐசியைப் பார்த்துவிட்டு இது யார் பிள்ளை என்று கேட்டான். என் பேத்தி என்று மலாயில் சொன்னேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பேர் என்ன என்றான். அம்மாதான் தினேஸ்வரி என்று சொன்னாள். பிறப்புப் பத்திரம் கேட்டான், அவள் அம்மாவிடம் இருக்கிறது, அவள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள் என்றேன். அவன் பிள்ளையைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருக்கிற உன் சின்ன வயசுப் படத்தைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணை லாரிக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்து மா என்று கூப்பிட்டது. அம்மா அதன் முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, இங்கதான்டா இருக்கேன் என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும். அவள் திரும்பவே இல்லை. அதிகாரி ஐசியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் போய்ப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன் அம்மா.

அன்றிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் பிள்ளையைப் பின்அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஈப்போவில் இந்த மாதிரி ஆட்களுக்கு உதவி செய்கிற கலாதேவி என்கிற அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பிள்ளையைத் தடுப்பு முகாமில் இருக்கிற தாயிடம் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டேன். அப்படிப் போனால் பிள்ளையையும் உள்ளே வைத்துவிடுவார்கள், வேண்டாம் என்றார். வைத்திருந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அதுவும் குத்தம்தான் அண்ணே என்றார். தாயை வெளியே எடுக்க முயற்சி நடக்கிறது, எப்போது முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. அப்பன்காரன் வேறு யார் நம்பரிலிருந்தோ ஒரு தடவை கூப்பிட்டான். எங்கே இருக்கிறான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணே, இப்ப வந்தா என்னையும் புடிச்சிருவாங்க, கொஞ்ச நாள் வெச்சிருங்க என்று அழுதான்.

எதிர்வீட்டு தர்மேந்திரனுக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எங்க அண்ணன் இங்கயே பொறந்து இன்னும் குடியுரிமை கெடைக்காம செவப்பு ஐசியோட அல்லாடுறான், அவனுக்கு ஒருத்தனும் பேசல, நீங்க எங்கிருந்தோ வந்தவனுக்கு ஜெயிலுக்குப் போகப் போறீங்களா என்று கேட்டான். அவன் அண்ணன் விஷயம் உண்மைதான். மறுநாள் அவன் மனைவி ஒரு பை நிறையப் பிள்ளை உடுப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் காட்டிக்கொடுப்பார்களா, காப்பாற்றுவார்களா என்று புரியாமல் தவிக்கிறேன்.

உன் நினைப்பு வேறு. அங்கே அகதிகளைத் தங்கவைத்திருக்கிற ஹோட்டலுக்கு முன்னால் அவர்கள் வேண்டாம் என்று கூட்டம் கூடிக் கத்துகிறார்கள், அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. விசா இருக்கிறது, எனக்கென்ன என்று இருக்காதே. கத்துகிறவன் விசாவைப் பார்த்தா அடிப்பான்? வேலை முடிந்தால் யாரோடாவது சேர்ந்து வா.

நீ வீடியோவில் கூப்பிடும்போது பிள்ளை பக்கத்தில் இருந்தால் யார் என்று கேட்காதே. அம்மா அவளைத் தினேஸ்வரி என்று கூப்பிட்டால் சிரித்துவிடாதே, உன் பேரை எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று வருத்தப்படவும் வேண்டாம். இப்போது யார் கேட்டாலும் அவளே அந்தப் பேரைச் சொல்கிறாள். நேற்று கடைக்காரர் கேட்டதற்கும் டக்கென்று சொன்னாள். கெட்டிக்காரி என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவளை மடியில் வைத்து, அவளைப் பெற்றவள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் யாரையோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

வேளைக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே.

உன் அப்பா,
சன்னாசி