பீபிக்கா வைத்த முப்பது ரூபாய்

27 ஜூன் 2024, வியாழன்

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருக்கிறது. போன வெள்ளி பௌர்ணமிக் கூட்டம். பைபாஸில் ஒரு குடும்பம் குறுக்கே ஓட, ஒடித்துத் திருப்பினேன், நடுத்தடுப்பில் மோதிவிட்டேன். அவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பீபிக்காவுக்குத்தான் வலது மணிக்கட்டு முறிந்தது. தையல்காரிக்கு வலது கை.

பீபி ஜான் அடுத்த வீடு. தைத்த ஜாக்கெட்டுகளைக் கடையில் கொடுக்க, வெள்ளிதோறும் கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னோடுதான் திருவண்ணாமலைக்கு வருவார்.

மத்தியானம் இன்சூரன்ஸ் சர்வேயர் வீட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட கையோடு பீபிக்காவும் வந்து உட்கார்ந்தார். நீங்கள் எப்படி அந்த வண்டியில் என்று அவர் கேட்க, "ஓசில வர்றவ இல்லீங்க. வாரா வாரம் முப்பது ரூபா வெச்சிடுவேன்" என்றார். அந்த ஆள் எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

12 ஜூலை

வண்டி தயார். பில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினேன். இன்சூரன்ஸ் பணம் வந்ததும் மீட்டுவிடலாம். கழுத்தில் மஞ்சள் கயிறு. ஆபீஸில் கேட்டவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். அண்ணாமலையார் மன்னிக்கட்டும்.

2 ஆகஸ்ட்

கடிதம் வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டினேனாம். அதனால் ஒரு பைசா கிடையாதாம். முப்பது ரூபாயில் என்னை டாக்சிக்காரி ஆக்கிவிட்டார்கள்.

நானா கேட்டேன்? எத்தனை முறை வேண்டாம் என்றிருப்பேன். டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். நானும் அதில் பூ வாங்கிக்கொள்வேன். அதப் போயி அந்த ஆள்கிட்ட சொல்லணுமா? ஒரு வார்த்த கம்மியா பேசியிருந்தா என்ன கொறஞ்சிடும்?

9 ஆகஸ்ட்

பீபிக்கா வாசலில் நின்றார். பார்க்காதது மாதிரி வண்டியை எடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துபோவது கண்ணாடியில் தெரிந்தது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஏஜென்ட் விமல்ராஜ் வழி சொன்னார். "காசே குடுக்கலைனு அந்தம்மாகிட்ட எழுதி வாங்குங்க மேடம். மத்தத நான் பாத்துக்கறேன்."

பத்திர ஆபீஸில் பதினோரு வருடமாக டைப் அடிக்கிறவள் நான். ஐந்து நிமிட வேலை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "பொய்யாச்சே எழிலு" என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "சரி குடு, போடறேன்." கட்டுப் பிரித்த கையில் பேனா நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வந்து கிழித்துப் போட்டேன். என்ன பொம்பள நான் — கைய ஒடிச்சதும் நான், அந்தக் கையால பொய் எழுத வெக்கப் பாத்ததும் நான்.

12 ஆகஸ்ட்

மன்னிப்புக் கேட்டேன். "வுடு" என்றார். ஆனால் கேஸ் முடியும்வரை வண்டியில் ஏறமாட்டாராம். "என்னால உனக்கு இன்னொரு வம்பு வேணாம்மா."

20 செப்டம்பர்

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். வக்கீல் இளஞ்செழியன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உள்ளத உள்ளபடி எழுதுங்க." பீபிக்கா சொல்லச் சொல்ல அவருடைய வாக்குமூலத்தை நானே டைப் அடித்தேன், அந்த முப்பது ரூபாயையும் சேர்த்து.

6 ஜனவரி 2025

கயிறு நைந்துவிட்டது. மாற்றினேன். இது மூன்றாவது.

18 மார்ச்

விசாரணை. கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை விடவில்லை. பணம் வாங்கினால் வாடகைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆணையத் தலைவர் பீபிக்காவையே கூப்பிட்டுக் கேட்டார், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று.

"ஐயா, டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கெடையாது. அத வுட்டுட்டு முப்பது ரூபா குடுத்து வாடக கார் புடிக்க நான் என்ன லூசா? இவ கூட பேசிகினு போலாம்னு ஏறுவேன். பெட்ரோல் போடறாளே, சும்மா குந்திகினு போனா எனக்கு மரியாதயா இருக்குமா?"

தலைவர் கம்பெனி வக்கீலைப் பார்த்தார். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எந்த வாயைத் திட்டினேனோ, அதே வாய். வெளியே வந்து அழுதுவிட்டேன்.

27 ஜூன்

உத்தரவு வந்தது. அது வாடகை இல்லையாம். தேய்மானம் போக பில் தொகையை வட்டியோடு தரவேண்டும். ஓசூரில் வேலையிலிருந்த என் கணவர் மாறனுக்குப் போன் செய்தேன். "மொதல்ல தாலிய மீட்டுக்கோ" என்றார்.

1 ஆகஸ்ட்

மீட்டேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு வருடமாக பீபிக்கா பொத்தான்தான் தைக்கிறார், கத்திரி பிடிக்க முடியவில்லை. அந்தக் கை எந்த மனுவிலும் இல்லை.

பிசியோதெரபிக்குப் பணம் கட்டிவிட்டு வந்து சொன்னேன். ஓசி வேண்டாம் என்று ஆரம்பித்தார். "ஓசி யாரு சொன்னா? வாரா வாரம் வெச்சீங்களே, அந்தக் காசுதான்" என்றேன். வண்டியில் ஏறினார்.

26 செப்டம்பர், வெள்ளி

பீபிக்காவைக் கடையில் இறக்கிவிட்டேன். இறங்குமுன் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை வைத்து மூடினார். வலது கையால்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.