தொகுப்புக் கட்டுரையில் விடுபட்ட பெண்கள்

அனுப்புநர்:
முதுநிலை ஆய்வாளர்,
சிறுநீரக ஆய்வகம், இரண்டாம் தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்.

பொருள்: சிறுநீரகப் பிரிவுத் தலைவர் தேர்வில் மேற்கோள் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்வது – அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையில் உள்ள பிழையைத் திருத்த உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பதவிக்கு விண்ணப்பித்துள்ளோர் இருவர். ஒருவர் நான். மற்றவர் மூன்றாம் தளத்தில் பணிபுரியும் ஆய்வாளர். என் கணவருடைய தம்பியின் மனைவி. இங்கே சக ஊழியராக இருந்தவரை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்த்துச் சொன்னதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாய் என்று என் கணவர் சொல்வதுண்டு. உறவை மறைத்து மனு கொடுத்தேன் என்ற பேச்சு பின்னால் எழக் கூடாது என்பதற்காக முதலிலேயே தெரிவிக்கிறேன்.

2. சிறுநீரகம் பழுதடைவதற்குப் பல மாதங்கள் முன்பே இரத்தத்தில் ஒரு புரதம் கூடுகிறது என்று நிறுவிய ஆய்வு என்னுடையது. அதை முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. நோயாளிகளின் வீடு தேடிப் போய் இரத்தம் எடுத்திருக்கிறேன். குளிர்பெட்டி நின்றுபோன ஒரு கோடையில், மாதிரிகளைப் பனிக்கட்டியில் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு வாடகை வண்டியில் அடுத்த ஆய்வகத்துக்கு ஓடியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை இதுவரை மேற்கோள் காட்டியவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.

3. பின்னர் மேற்சொன்ன மூன்றாம் தள ஆய்வாளர், இத்துறையில் பிறர் செய்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதினார். தொகுப்புக் கட்டுரைக்கு இரத்தம் தேவையில்லை, நாற்காலி போதும். என் ஒன்பது ஆண்டுகள் அதில் இரண்டு வரி. அதன் பிறகு யார் அந்தப் புரதத்தைப் பற்றி எழுதினாலும், அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு அவரையே மேற்கோள் காட்டுகிறார்கள். எண்ணிக்கை எண்ணூறைத் தாண்டிவிட்டது. இதில் விதிமீறல் ஏதுமில்லை. கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், மனமில்லாவிட்டாலும், பதிவு செய்கிறேன். "சின்னவ எழுதுனத உலகமே படிக்குதாமே, நீயும் அந்த மாதிரி ஒண்ணு எழுதேம்மா" என்று என் மாமியார் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

4. எனக்குப் பொறாமை என்று தாங்கள் கருதக்கூடும். மறுக்கவில்லை. பொறாமைதான் அந்தக் கட்டுரையை வரிக்கு வரி என்னைப் படிக்க வைத்தது. பாராட்டியவர்கள் அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். என் ஆய்வில் பங்கேற்ற அனைவரும் பெண்கள். ஆண்களுக்கு இது பொருந்துமா என்பது தெரியாது என்று என் கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அவருடைய தொகுப்பில் "நோயாளிகள்" என்று மட்டுமே இருக்கிறது.

5. நமது நிறுவன வண்டியின் ஓட்டுநர், ஓர் ஆண், சென்ற மாதம் கால் வீக்கத்துடன் கீழ்த்தளப் புறநோயாளர் பிரிவுக்குப் போனார். அந்தப் புரதத்தின் அளவு குறைவாக இருந்ததால், கவலையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா, ஆனா காலு செருப்புக்குள்ள போக மாட்டேங்குதே" என்று படிக்கட்டில் மூச்சு வாங்க அவர் சொன்னபோதுதான் வழக்கமான பரிசோதனைகளுக்கு அவரை அனுப்பினேன். சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் செயலிழந்திருந்தன. இப்போது உள்நோயாளியாக இருக்கிறார், தேறிவிடுவார் என்கிறார்கள். புறநோயாளர் பிரிவு மருத்துவரிடம் விளக்கம் கேட்டேன். "எண்ணூறு பேரு சைட் பண்ணுன பேப்பர் மேடம், அதுல போய்த் தப்பு இருக்குமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

6. சம்பந்தப்பட்டவரிடம் அன்றே நேரில் தெரிவித்தேன். "அய்யோ, விட்டுப்போச்சேக்கா" என்று முகம் வெளுத்தவர், சற்று நேரத்தில், "நீங்களே திருத்தம் எழுதிப் போட்டுடுங்கக்கா, உங்களுக்கும் ஒரு பேப்பர் கூடும்ல" என்றார். அது கேலியா கரிசனமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கரிசனம் என்றால், அதைத் தாங்குவதுதான் கடினம். கட்டுரை வெளியான இதழுக்குத் தாமே திருத்தம் எழுதுவதைத் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

7. ஆகவே தாங்கள், இப்புரதப் பரிசோதனையை ஆண்களுக்கு நம்ப வேண்டாம் என்று புறநோயாளர் பிரிவுக்கு இன்றே அறிவிக்கவும், தேர்வுக்குழு கூடும் முன் அவர் பெயரிலேயே திருத்தம் இதழுக்குச் செல்ல உத்தரவிடவும் வேண்டுகிறேன். மூல ஆய்வுகளையும் தொகுப்புகளையும் குழு தனித்தனியே எண்ண வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடைசிக் கோரிக்கை எனக்காக. அதை மறுத்தாலும் முதல் இரண்டையும் மறுக்க வேண்டாம்.

8. திங்கட்கிழமை வரை காத்திருப்பேன். அதற்குள் அவர் எழுதாவிட்டால் நான் எழுதிவைத்துள்ள திருத்தம் இதழுக்குப் போகும். எந்தக் கட்டுரையைத் திருத்துகிறேன் என்று குறிப்பிடாமல் அதை அனுப்ப முடியாது. மேற்கோள்களை எண்ணும் கணினிக்குப் பாராட்டும் ஒன்றுதான், குற்றச்சாட்டும் ஒன்றுதான். அவர் கணக்கில் இன்னொரு மேற்கோள் கூடும். தெரிந்தேதான் அனுப்புவேன். அதை என் கையால் கூட்ட வைத்துவிடாதீர்கள் ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
முதுநிலை ஆய்வாளர்

இடம்: சிறுநீரக ஆய்வகம்
நாள்: தேர்வுக்குழு கூடும் வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை