மஞ்சள் விரிப்பு தொங்கிய ஜன்னல்

அலென்தேஜு, போர்ச்சுகல்
பிப்ரவரி 1965

அன்புள்ள லியோனெலுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இருக்கிறேன். நீயும் உன் மனைவியும் பிரேசில் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஃபவுஸ்தினு இதை நேரில் கொண்டுவந்து தருவான். தபாலில் அனுப்பினால் உனக்கு முன்னால் போலீஸ் படித்துவிடும். அதனால் இந்த ஒருமுறை மூடி மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தி பனிமூட்டம்தான். நவம்பரில் வந்தது இன்னும் போகவில்லை. காலையில் தெருவில் நடப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருப்பதில்லை. மிதந்து வந்து, ஒருவருக்கொருவர் தொப்பியைத் தொட்டுவிட்டு, மிதந்து போகிறார்கள். என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவதும் இல்லை. அரசைக் கவிழ்ப்போம் என்று நம்மோடு சத்தியம் செய்த டாக்டர் செக்கைரா இப்போது நகராட்சித் தலைவர். பள்ளியில் என் லத்தீன் வகுப்பைப் பறித்துக்கொண்டவன் இன்னும் வினைச்சொற்களைத் தப்பாகத்தான் சொல்லிக்கொடுக்கிறான். தெருவில் நின்றாலே கேட்கிறது. நோட்டரியின் மக்குப் பிள்ளைக்குத் தனிப்பாடம் சொல்லி என் பிழைப்பு ஓடுகிறது. இவற்றில் எதையும் நான் மறக்கப் போவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. ஈஸ்டருக்குள் ஸ்பெயின் வழியாக எல்லை தாண்டி வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கப்போகிறாய். ‘அன்று ஒரு ஜன்னல் நமக்காகத் திறந்தது, அன்செல்மு. ஒன்று திறந்த ஊரில் நூறும் திறக்கும்’ என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து பகலில் நாற்காலியிலேயே கண் சொக்குகிறது. கனவில் ஊரின் எல்லா ஜன்னல்களிலும், கோயிலின் நற்கருணைப் பவனிக்குத் தொங்குவதுபோல, சிவப்பும் நீலமுமாக விரிப்புகள் தொங்குகின்றன. காற்றே இல்லாமல் அசைகின்றன. விழித்துப் பார்த்தால் எல்லாம் சாத்திக் கிடக்கின்றன.

நாம் கிளர்ச்சிக்குக் கிளம்பிய அந்தக் காலை உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு அது தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல இருக்கிறது. பாசறை வாயில் திறந்து உன் வீரர்கள் வந்தபோது பூட்ஸ் சத்தம்கூடப் பனியில் அமுங்கிப்போனது. ஊர்மக்கள் சார்பில் நான் கொடியோடு உன் பக்கத்தில் நடந்தேன். அரசை எதிர்ப்பவர்கள் பவனி நாளில் செய்வதுபோல ஜன்னலில் விரிப்பைத் தொங்கவிடுவார்கள், அவர்கள் துணையோடு தந்தி அலுவலகத்தைப் பிடிப்போம் என்பதுதானே ஏற்பாடு? சதுக்கம் முழுக்க மூடிய ஜன்னல்கள். காப்பிக் கடைக்குள் இருந்தவர்கள் கண்ணாடித் தொட்டி மீன்களைப் போல நம்மைப் பார்த்தார்கள். ஒருவன் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே இருந்தான். “ஏப்பா, இன்னிக்கு என்ன விசேஷம்?” என்று யாரோ ஒருவன் கேட்டான். “பட்டாளத்துக்காரங்க ஏதோ பயிற்சி எடுக்கறாங்க. கதவைச் சாத்து, குளுருது” என்றான் கடைக்காரன். அதற்குப் பிறகு நான் அங்கே காப்பி குடிப்பதில்லை.

அப்போதுதான் கசாப்புத் தெருவில் நீ அதைப் பார்த்தாய். மாடி ஜன்னலில் ஒரே ஒரு மஞ்சள் விரிப்பு. “பாருடா அன்செல்மு! ஜனங்க இந்தப் பக்கம் இருக்காங்கடா!” என்று கத்தினாய். நீ சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். நேராகப் போகவேண்டிய படையை அந்தத் தெருவுக்குள் திருப்பினாய். அதன் மறுமுனையில் அரசின் காவல் படை முகாம் இருப்பது உனக்குத் தெரியாததல்ல. உன் படையின் கார்ப்பரல் செஃபெரினு அந்த ஜன்னலுக்குக் கீழேதான் சுடப்பட்டு விழுந்தான். நீ கூரைகள் வழியாகத் தப்பினாய். என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிறையிலிருந்து வந்ததும் நான் முதலில் போனது அந்த வீட்டுக்கு, நன்றி சொல்ல. கசாப்புக்காரரின் மனைவி ஃபெலிஸ்மினா கதவைத் திறந்தாள். நான் தொப்பியைக் கழற்றிப் பேசத் தொடங்கியதுமே இடுப்பில் கை வைத்துச் சிரித்துவிட்டாள். “அய்யோ வாத்தியாரே, நீங்களுமா? போலீஸ்காரனுங்களும் இதைத்தான் துருவித் துருவிக் கேட்டானுங்க. சின்னவன் ராத்திரி படுக்கையில மூத்திரம் போயிட்டான். காயப் போட்டேன். அந்தப் பனியில காஞ்சும் தொலையல.”

கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டேன். அவள் முகம் மாறியது. “அந்தப் பையன் என் வாசல்லதான் கிடந்தான். அதே விரிப்பைத்தான் எடுத்துப் போர்த்தினேன்” என்றாள். பிறகு சட்டென்று கோபம் வந்துவிட்டது. “விரிப்பு போடணும்னு எங்ககிட்ட யாரு வந்து சொன்னீங்க? டாக்டர்கிட்டயும் நோட்டரிகிட்டயும் சொன்னீங்க. கேட்டிருந்தா நல்லதா ஒண்ணு போட்டிருக்க மாட்டேனா?”

போட்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

இதை உனக்குச் சொல்லாமலே இருந்துவிட நினைத்தேன். எல்லாம் போன பிறகு அந்த ஒரு ஜன்னலாவது உன்னிடம் இருக்கட்டும் என்றுதான். உன்மேல் எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. உனக்குக் கடல் கிடைத்தது, எனக்கு இந்தத் தெரு. அந்த ஆத்திரம் தலைக்கேறிய நாட்களில்கூட இதை எழுதவில்லை. ஆனால் போன வாரம் செக்கைரா, இத்தனை காலத்துக்குப் பிறகு, தானாக வந்து என்னிடம் பேசினான். “உன் கேப்டன் வர்றானாமே? வரட்டும். எல்லையில அவன் போட்டோவை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க” என்றான். வாய் நிறையச் சிரிப்பு. உன் கடிதத்தை எனக்கு முன்னால் அவர்கள் படித்திருக்க வேண்டும்.

லியோனெல், வராதே. இங்கே உனக்காக யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. நீ செத்தாலும் அந்தக் கடையில் ஒருவன் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டுதான் இருப்பான்.

இதைப் படித்ததும் நீ என்னை வெறுப்பாய். செஃபெரினுவை நினைத்து உன்னையும் வெறுப்பாய். பதில் எழுத வேண்டாம். ஃபவுஸ்தினு திரும்பி வந்ததும் அவனிடம் ஒன்றுதான் கேட்பேன், நீ என்னைத் திட்டினாயா என்று. வாய்க்கு வந்தபடி திட்டினார் என்றால், நீ அங்கேயே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் என்று மட்டும் அவன் வந்து சொல்லக் கூடாது. ஆகவே திட்டு. துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி திட்டு. நீ தொப்பை விழுந்து, தலை நரைத்து, சிடுசிடுத்த கிழவனாக அந்த ஊரிலேயே நெடுநாள் வாழக் கடவுள் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் வசவுக்குக் காத்திருக்கும்
அன்செல்மு