ஸ்டோரில் காய்ந்த பாஸ்போர்ட்

ஆடி 14, திங்கள். போடி.

மலேசியாவுக்கு விசா வேண்டாம். அங்கே இறங்கியதும் காட்ட வேண்டிய வருகைப் பதிவை எனக்கும் மனைவி செல்விக்கும் என் போனிலேயே முடித்திருந்தேன். அங்கே இருக்கும் மகளுக்கு இது பிரசவ மாதம்.

செல்வியின் பாஸ்போர்ட் புதிது. என்னுடையதை மலை ஈரத்துக்குப் பயந்து ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வைத்திருந்தேன். எங்கள் பத்திரமெல்லாம் அங்கேதான் இருக்கும். சூட்டில் போட்டோப் பக்கம் பிரிந்து சுருண்டிருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. திருச்சி விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத வச்சு உங்கள ஏத்த முடியாது சார்."

செல்வியிடம், "நீ போ. புள்ள தனியாக் கெடக்கா" என்றேன்.

"அங்க எறங்குனதும் ஆபீசருங்க ஏதாச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனாள்.

திரும்பும் பஸ்சில் தேனி தாண்டியதும் போனை எடுத்தேன். அவளுடைய வருகைப் பதிவும் மகள் வீட்டு விலாசமும் அதில்தான் இருக்கின்றன. அவளிடம் போன் கிடையாது.