உதட்டோரம் லேசான கோபம்

ஜூன் 9, 2025. தா.பழூர்

ஆமாம், படிக்கக் கூடாது என்றால் எழுதவும் கூடாதுதான். ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார்கள். அந்த மறதிக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பச்சை உடம்பு. நாற்பது நாளைக்குப் புத்தகம், டிவி, போன் எதுவும் ஆகாது, கண் போய்விடும் என்கிறாள் அம்மா. முதலில் சிரித்தேன். பிறகு கீழ்ப்படிந்தேன். தையல் போட்ட உடம்போடு வாதாட முடியாது. போனை மணிவேலிடம் நானே கொடுத்து பெரம்பலூருக்கு எடுத்துப் போகச் சொன்னேன். "கிருஷ்ணமூர்த்தி சார் புரூஃப் அனுப்புவாரு, நீ பாத்துடு." என் கதைகளை எல்லாம் தட்டச்சு செய்தது அவன்தான். என் கிறுக்கலை என்னைவிட நன்றாகப் படிப்பவன். கணவன் ஆவதற்கு முன்பே, திருச்சியில் படிக்கும்போதே, முதல் வாசகன்.

முதல் புத்தகம். ஏழு கதைகள். கிருஷ்ணமூர்த்தி சாருடைய பதிப்பகத்தில், ஆகஸ்டில் வருகிறது. குழந்தை பிறந்து இருபது நாள்.

(இரண்டு பிரசவம் என்று எழுதப் போனேன். மலிவான உவமை. அடித்துவிட்டேன்.)

ஜூன் 11

இன்று குழந்தையை விற்றோம்.

பக்கத்து வீட்டு லீலாவதி அக்கா முறம் நிறையத் தவிடு கொண்டுவந்தார். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டுமாம். முதலாவதை எடுத்துக்கொண்டு போனது எதுவோ, அது மறுபடி வந்து பார்க்கும்போது இது அவர்கள் பிள்ளையில்லை என்று நினைத்துத் திரும்பிவிடும்.

"இந்தா ரத்தினம், தவுட்ட வாங்கிக்க. இனிமே இவ எம்புள்ள."

அம்மா அசல் வியாபாரி மாதிரி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "என்னடி இது, ஒரே உமியா இருக்கு?"

"உம்பேத்தி அழுவுற அழுவைக்கு இதுவே சாஸ்தி." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னா பாக்குற பூவிழி? இனிமே நீ வெறும் பால்காரிதான். வேளாவேளைக்கு வந்து ஊத்திட்டுப் போ."

சிரித்ததில் தையல் இழுத்தது. அரை மணி நேரம் லீலாவதி அக்கா வீட்டில் இருந்துவிட்டு என் மகள் வேறு யாரோவாகத் திரும்பி வந்தாள். இப்போது எல்லோரும் அவளைத் தவுடு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விதியை ஏமாற்ற இரண்டு பெண்கள் சேர்ந்து நடித்த சிறுகதை. எனக்குப் பிடித்திருந்தது.

அவனைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும் போலிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், ஆறரை மாதத்தில், அரியலூரில், சத்தமில்லாமல் பிறந்தவன். நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது அவனை எறையூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாமனாருடைய கரும்புக் கொல்லை ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து, அவன் முகம் எப்படி இருந்தது என்று மணிவேல்தான் எனக்குச் சொன்னான். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அதுதான் ஏழாவது கதை, 'இருபத்தாறு வாரம்'. மற்ற ஆறிலும் நான் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். இதில் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் 12

சூடான சோற்றைச் சூடு இருக்கும்போதே தின்றேன். பூண்டுக் குழம்பு. ஐந்து நிமிடம் முழுசாக என்னுடையது.

ஜூன் 17

பால் கொடுக்கும்போது வாக்கியங்கள் வருகின்றன. கை இல்லை. இடது கையில் தலை, வலது கை அவள் பிடியில். வந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஏப்பம் வரும்வரை. பிறகு நோட்டைத் திறந்தால் பாதிதான் மிச்சம்.

பாதி நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவேளை இத்தனை நாள் இரண்டு மடங்கு எழுதிக்கொண்டிருந்தேனோ?

குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் மோட்டார் தண்ணீர் வாசனை. அதற்காகவே ஆறு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போகிறேன். காற்று அடிக்கும் என்று அம்மா வந்து சாத்துகிறாள். நடுவில் கிடைக்கும் அந்த நாலு நிமிடம்.

ஜூன் 22, ஞாயிறு

மணிவேல் வந்தான். ஞாயிறுதோறும் கல்லூரி விடுமுறை, முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறான். அம்மா முன்னால் அவனை 'வாங்க', 'சாப்புடுங்க' என்பேன். அம்மா கொல்லைப்புறம் போனதும் 'வாடா'.

"புரூஃப் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. அனுப்பிட்டேன்."

"ஏழும் பாத்தியா?"

"ம்."

தவுட்டின் நகத்தை வெட்டிவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பத்து விரலுக்கும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு போதும் என்று தோன்றிய ஒரு மத்தியானம்.

ஜூன் 29, ஞாயிறு

நாற்பது முடிந்தது. தலைக்கு ஊற்றினார்கள். மணிவேல் போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பேப்பர் திருத்த வேண்டும் என்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகு கிருஷ்ணமூர்த்தி சாருக்கு நன்றி சொல்லலாம் என்று வாட்ஸப்பைத் திறந்தேன்.

மே 25. சார்: "ஏழாவது கதையை முதலில் வைக்கலாமா? தொகுப்பின் உயிரே அதுதான்."

மே 25. நான்: "வேண்டாம் சார். அந்தக் கதையை எடுத்துவிடலாம். இன்னும் பழுக்கவில்லை. — பூ."

சார்: "எனக்கு மனசே வரவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்."

நான்: "யோசித்துவிட்டேன் சார். ஆறு போதும். — பூ."

மூன்று முறை படித்தேன். இதை நான் எழுதவில்லை. ஆனால் நான்தான். 'இன்னும் பழுக்கவில்லை' நான் சொல்வது, மற்றவர்களுடைய கதைகளைப் பற்றி, அவனிடம் மட்டும். கோட்டுக்குப் பிறகு 'பூ', அதுவும் நான்தான்.

என்னை இவ்வளவு நன்றாகப் படித்தவன்.

அம்மாவிடம் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமாண்டி, எனக்குத் தெரியும். நாந்தான் எடுக்கச் சொன்னேன். புள்ள மஞ்சக்காமாலைன்னு அந்த நீல வெளக்குக்குக் கீழ கெடக்குது, மாப்ள வெளிய ஒக்காந்து போனப் பாத்துக்கிட்டே இருக்காரு. என்னன்னேன். சொன்னாரு. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. மொதப் புள்ளயப் பத்தி அச்சடிச்சு ஊரு ஊரா அனுப்பிட்டு, இவள எத்தன மொறம் தவுட்டுக்கு வித்து என்னா ஆவப்போவுது? ஒம் பேர்லயே போட்டுக் குடுத்தா அதுக்கு வூடு தெரிஞ்சிடாதா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"பச்ச ஒடம்புக்காரிகிட்ட எதக் கேக்குறது?"

ஜூன் 30

நீல விளக்கு ஞாபகம் இருக்கிறது. குழந்தையைக் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பால் கட்டிய மாரோடு வார்டில் படுத்திருந்தேன். அவன் வந்து "சரியாயிடும் பூவு, நீ தூங்கு" என்று நெற்றியைத் தடவினான். மே 25. தடவிய கை. அதே கைதானே? முன்னாடியா, பின்னாடியா — அனுப்பிட்டு வந்து தடவுனானா?

கேட்டிருக்கலாம்ல. ஒரே ஒரு வார்த்த. நான் வேணாம்னே சொல்லியிருப்பேனோ என்னவோ. பயந்த நேரத்துல ஆமான்னுகூட சொல்லியிருப்பேன். அது என்னோட ஆமா இல்லியா.

இன்று பால் குறைவு. தவுடு முட்டி முட்டி அழுதாள்.

ஜூலை 2

எழுதவில்லை.

ஜூலை 3

போனில் பேசினேன்.

"பயந்துட்டேன் பூவு. அத்த அழுதாங்க. புள்ள அந்த டப்பாக்குள்ள கெடந்தா. என்னமோ செஞ்சிட்டேன்."

"எம்.ஃபில். பண்ணவன், தவுட்ட நம்புனியா?"

"அந்த நேரத்துல எதையும் நம்புவாங்க."

நியாயம். அன்றைக்குக் கேட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன். ஆனால் ஐந்தாவது நாள் பயம் நாற்பதாவது நாள்வரை இருக்குமா? குழந்தை ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். தவிட்டுக்கு விற்ற அன்று அவனுக்குப் படம் அனுப்பினாளாம் லீலாவதி அக்காவின் மகள். சிரிப்புப் பொம்மை ஆறு போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறான். நம்பியவன் சிரிப்பானா? அதற்குப் பதினொரு நாள் கழித்துத்தான் என் முன்னால் உட்கார்ந்து 'ம்' என்றான்.

வேறு ஏதோ இருக்கிறது.

ஜூலை 4

கிருஷ்ணமூர்த்தி சாரிடம் பேசினேன். நடந்ததைச் சொல்லவில்லை. கதையைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"திங்கக்கிழம காலைல பிரஸ்ஸுக்குப் போவுதும்மா. ஞாயித்துக்கிழம ஏழு மணிக்குள்ள சொல்லிட்டா சேத்துடலாம். அப்புறம் என் கையில இல்ல." பிறகு, "எடுத்துடுங்கன்னு வந்தப்பவே இது நீங்கதானான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். நடை ஒங்களோடதா இருந்துச்சு. விட்டுட்டேன்" என்றார்.

மூன்று நாள்.

சாயங்காலம் ஜன்னலைத் திறந்தேன். அம்மா சாத்த வரவில்லை. இரண்டு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மணிவேல் பதினொரு மணிக்கு வந்தான். கொல்லைப்புறக் கொடியில் குழந்தைத் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து கொடுத்தான்.

"கதைய சேக்கப் போறேன்" என்றேன். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

"வேணாம் பூவு."

"தவுடு, கண்ணு, அதெல்லாம் எங்கிட்ட சொல்லாத."

"அது இல்ல." பிழிந்த துணியை மறுபடி பிழிந்தான். "அவன் எனக்கும் புள்ளதான."

"எழுதுனத டைப் பண்ணது நீ. அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?"

"நீ ஒரு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் எழுத ஒக்காந்த. எப்புடிச் சொல்றது?"

"எத?"

அவன் துணியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

"நான் பாக்கல பூவு. அப்பாதான் கையில வாங்குனாரு. துணி சுத்தியிருந்துச்சு. தொறந்து பாருடான்னாரு. நான் பைக்குப் பக்கத்துலயே நின்னுட்டேன். குழிக்குள்ள வச்சப்பவும் திரும்பிக்கிட்டேன்."

"அப்ப மூக்கு?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்த. மூணு நாளு. சாப்புடாம. என்னத்தையாவது சொன்னா தூங்குவன்னு நெனச்சேன். ஒன் மூக்குன்னேன். தூங்குன."

"உதட்டோரம் —"

"அதுவும்தான். ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல டீக்கடையில நின்னு யோசிச்சது."

ஏழாவது கதையில் பதினொரு வரி. 'மூக்கு என்னுடையது. உதட்டோரம் லேசான கோபம், யாரோ பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டதுபோல.' சார் அந்த வரிக்குக் கீழேதான் கோடு போட்டு அனுப்பியிருந்தாராம், அருமை என்று. மணிவேல் அதைப் புரூஃபில் பார்த்திருக்கிறான். நீல விளக்கு அறைக்கு வெளியே உட்கார்ந்து. அம்மா வந்து கேட்டதும், அவளுடைய பயம் அவனுக்குக் கிடைத்த நல்ல காரணம்.

"நான் சொன்ன பொய்ய ஆயிரம் பேரு படிக்கணுமான்னு தோணுச்சு" என்றான். "ஒன்னால இன்னொரு தடவ அத தாங்க முடியாதுன்னும் தோணுச்சு."

வாளியில் மிச்சம் மூன்று துணி. போட்டேன்.

அவன் அழுதான் என்று இங்கே எழுதிவைக்க வேண்டும். நியாயத்துக்காக.

இரண்டு வருடம் அந்த முகத்தோடு இருந்தேன். தவுடு பிறந்த அன்று முதலில் தேடியது அவள் உதட்டோரத்தை. ஒரு வாரம் தேடினேன். இருந்த மாதிரிகூட இருந்தது. இப்போது எந்த முகத்துக்காக நான் அழுதேன் என்று யாரிடம் கேட்பது?

மாமனாரிடமா? "எப்புடி இருந்தான் மாமா?" அவர் பார்த்திருப்பார். அல்லது அவரும் ஏதாவது சொல்வார்.

இல்லை. கேட்கமாட்டேன்.

மணிவேலை நாலு மணி பஸ்ஸுக்குப் போகச் சொன்னேன். அம்மாவும் இருந்தாள், இருந்தும் 'போ' என்றுதான் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். தவுட்டை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு கதையைத் திறந்தேன். போனில்தான், ஒற்றைக் கட்டைவிரலால். முகம் இருந்த பதினொரு வரியையும் எடுத்தேன். எடுத்த பிறகு கதை நிற்குமா என்று பயம். முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நின்றது. அந்த இடத்தில் ஒரே வாக்கியம் எழுதினேன்:

'அவன் அப்பா அவனைப் பார்க்கவில்லை. பார்த்ததாக என்னிடம் சொன்னார்.'

இதை மணிவேலிடம் கேட்டிருக்க வேண்டுமோ? கேட்டிருக்க வேண்டும்தான். கேட்கவில்லை. அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். தெரிந்திருப்பதால் எதுவும் குறைந்துவிடவில்லை.

6.40க்கு அனுப்பினேன். சார்: "கிடைத்தது. முதல் கதையாக வைக்கிறேன்."

ஜூலை 8

மணிவேலுக்கும் அதே கதையை அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று வாட்ஸப்பில் இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

ஜூலை 10

பதில்: "படித்தேன். சரியாக இருக்கிறது."

எழுத்துப்பிழை பார்த்தவன் மாதிரி. அல்லது அதைவிடப் பெரிய வார்த்தை அவனிடம் இல்லையா? தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மாமனார் போன் செய்தார். ஆடி பிறப்பதற்கு முன்னால், வருகிற புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம், வந்து என்னையும் குழந்தையையும் அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அஞ்சாம் மாசம்தான் வருவேன்னு சொல்லு" என்றேன்.

அம்மா அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, "புள்ளைக்கு இன்னும் ஒடம்பு தேறணும் சம்பந்தி" என்று தானாக ஒரு பொய்யும் சேர்த்தாள்.

தவுட்டுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். அவள் தூங்கியதும் நானும் சாப்பிட்டுவிட்டு, நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, எட்டாவது கதையின் முதல் பத்தியை எழுதினேன்.