மதிலுக்குள் இருந்த கல்

1986 நவம்பர் 12, புதன்

தூறல். விரல் மடங்காத குளிர். நகரத்துப் பழைய மதிலில் வேலை: கல் பெயர்த்தல், கழுவல், அடுக்கல்.

அறைக்கு வந்தால் ஊரிலிருந்து அம்மாவின் கடிதம். அப்பா செத்துப்போனார். கடிதம் வர மூன்று கிழமை. கொள்ளி வைத்தது சித்தப்பா. எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்ததாம். அப்பா போன அன்றைக்கு நான் வேலையில் யாருடைய பகிடிக்கோ சிரித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அம்மா: “வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள். நீ ஒரே பிள்ளை. அங்கை ஒரு கோயிலிலையாவது படை. இல்லாட்டி அந்த மனிசன் பசியோடை அலையும்.”

கோயிலுக்கு எங்கே போக? ஐயருக்கு எங்கே போக?

அறையில் கூட இருக்கும் சிவம் அண்ணையிடம், ஆத்தங்கரையில் படைக்கட்டோ என்று கேட்டேன். அவர்: “ஆத்தங்கரையிலை கற்பூரம் கொளுத்தினா பொலிஸ் வரும். உன்ரை அகதிக் கேஸ் வேறை தொங்குது தம்பி. பேசாமல் இரு.”

பேசாமல் எப்படி இருக்க?

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை. மதிலின் உள்பக்கத்திலிருந்து எழுத்து வெட்டிய கல் ஒன்று வந்தது. யூதர்களின் கல்லறைக் கல்லாம். எங்களை வேலை வாங்கும் செஃப், பாண் தின்றுகொண்டே சொன்னார். முந்தி இங்கே யூதர்கள் இருந்தார்களாம். கொள்ளை நோய் வந்தபோது கிணற்றில் நஞ்சு போட்டவர்கள் என்று சொல்லி எரித்தார்களாம். மிச்சப்பேரைக் கலைத்துவிட்டு, அவர்களின் சுடலைக் கல்லைப் பிடுங்கி மதில் கட்டினார்களாம். நஞ்சு போடுவதைக் கையாலும் நடித்துக் காட்டினார், எனக்கு ஜெர்மன் விளங்காதென்று.

நன்றாக விளங்கியது. பின்னேரம் பஸ்ஸில் ஒரு மனிசி கைப்பையை என் பக்கமிருந்து மற்றப் பக்கம் மாற்றினாள். தமிழ்ப் பெடியள் எங்களைப் போதைப் பவுடர் விற்கிறவர்கள் என்கிறார்கள்.

சுடலைக் கல். கேட்க ஆளில்லாத கல். அங்கேயே படைக்கப் போகிறேன்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு.
கற்பூரம்: சி. அண்ணையிடம் இரண்டு கட்டி. (பேச்சு விழுந்தது, தந்தார்.)
சுருட்டு ஒன்று. அப்பா பத்துகிற வகை இல்லை, பரவாயில்லை.
எள்ளு இல்லை.
வாழையிலைக்குப் பதில் முட்டைக்கோவா இலை.

நவம்பர் 14, வெள்ளி

வேலைக்கு முக்கால் மணி நேரம் முந்திப் போனேன். படைத்தேன். தேவாரம் பாதியில் மறந்துபோனது. “அப்பா வாங்கோ, சாப்பிடுங்கோ” என்று மட்டும் சொன்னேன். வாய்விட்டு அழுதேன். கற்பூரக் கரி கல்லில் பிடித்துவிட்டது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

பத்து மணிக்கு, கல்லை வாசிக்க ஒரு யூதக் கிழவரைக் கூட்டி வந்தார்கள். செஃப் கரியைக் கண்டார், சோற்றைக் கண்டார். யார் என்று கத்தினார். கை உயர்த்தினேன். அப்பா செத்தது, முப்பத்தோராம் நாள், எல்லாம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

கிழவர் குந்தியிருந்து எழுத்தை விரலால் தடவினார். பிறகு எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: “இது ஒரு பெண். பெயர் சாரா.” கீழே கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து, நாங்கள் பூ வைப்பதுபோல, கல்லின் மேல் வைத்தார்.

செஃப் சொன்னார்: திங்கள் தொடக்கம் வரவேண்டாம்.

நவம்பர் 15, சனி

வேலை இல்லை. பனி கொட்டுகிறது.

சி. அண்ணை: “எங்கை படைச்சாலும் கொப்பருக்குப் போய்ச் சேரும்.”
“அது ஒரு மனிசியின்ரை கல் அண்ணை.”
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு நிற்காமல் அழுகை.

சாராவுக்கு ஒருவரும் படைத்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளைக் கலைத்துவிட்டார்களே. அவ சாப்பிட்டிருப்பா. சுருட்டை என்ன செய்தாவோ.

அம்மாவுக்கு எழுதியது: “எல்லாம் முறையாக நடந்தது. இங்கை கோயில் இருக்கு. ஐயர் வந்தவர்.”

ஒட்டிவிட்டேன். முப்பத்தோராம் நாள் முடிந்துபோனது, இனி வராது. அப்பா சாப்பிடவில்லை.