வசந்தியின் ஸ்லைடு

சேலையூர், 1994 நவம்பர், செவ்வாய் இரவு.

வெளியே மழை. லேபில் நான் போடுகிற ஸ்லைடில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. போன மாதம் சேர்ந்த வசந்தி போட்டால் மட்டும் தனித்தனியாக விரிகின்றன. "கைராசிக்காரி!" என்று லேபின் தலைமை டாக்டர் இன்று எல்லார் எதிரிலும் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் கையை அவர் பார்த்ததே இல்லை.

மாலையில் வசந்தி ஒரு ரிப்போர்ட்டோடு வந்தாள். ரத்தப் புற்றுநோய்க்காகத் தன் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிக்கொண்ட செம்பாக்கம் டீச்சருடையது.

"நோயைக் காட்டுற அந்தக் குட்டி குரோமோசோம் ஒரு செல்லுலகூட இல்லக்கா. நீங்களும் பார்த்துட்டு கையெழுத்து போட்டுடுங்க."

எங்கள் லேபில் இரண்டு பேர் பார்க்காமல் ரிப்போர்ட் போகாது. மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தேன். வழக்கமான அளவோடு நிறுத்தாமல் ஸ்லைடு முழுக்கத் தேடினேன். அவள் தவறவிட்ட குட்டி ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், நாளைக்கு டாக்டர் எதிரில் வைத்துவிடலாம். வசந்தி குடையோடு வாசலில் நின்று, "பஸ் போயிடும்க்கா" என்றாள்.

கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

"டீச்சர் பிழைச்சுட்டாங்க, இல்லக்கா?" என்று சிரித்தாள்.

நான் இவ்வளவு நேரம் தேடியது அந்த டீச்சரின் நோயை என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் ஏமாற்றம் போகவில்லை.